குப்பை டப்பாவுக்கு எதுக்கு நல்ல கைப்பிடி?

மும்பை நகரத்தை முப்பது வருடத்துக்கும் மேலாகத் தொங்கவிட்டவன் நான். சந்தேகம் இருந்தால் லோக்கல் ரயிலில் ஏறித் தலைக்கு மேலே பாருங்கள். கம்பியில் வரிசையாக ஆடுகிற கைப்பிடிகளில் பாதி, மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இந்தப் பிரம்மநாயகத்தின் கையால் முடுக்கப்பட்டவை. நான் ஒரு நாள் அசந்திருந்தால் டோம்பிவிலிக்காரர்கள் மொத்தமாக உருண்டு கல்யாணில் போய் விழுந்திருப்பார்கள். இதைச் சொன்னால் என் மனைவி மாலதி, "நீங்க முடுக்கினது நாலு பெட்டி. அதுல ஒண்ணு லேடீஸ் பெட்டி. நானே தொங்கிப் பாத்திருக்கேன், லொடலொடன்னுதான் இருந்துச்சு" என்பாள். அவள் பேச்சை நம்பாதீர்கள்.

ரிட்டையர் ஆன பிறகும் கைப்பிடிப் பித்து என்னை விடவில்லை. குக்கர், குடை, பக்கத்து வீட்டு சூட்கேஸ், எதைப் பார்த்தாலும் பிடிக்கிற இடத்தில்தான் கண் போகும். பெண் பார்க்கப் போன அன்று மாலதியைவிட அவள் கொண்டுவந்த தட்டின் பிடியைத்தான் அதிக நேரம் பார்த்தேன் என்று அவள் வீட்டில் இன்றும் ஒரு புகார் உண்டு. தட்டு நல்ல தட்டு. அதனால்தான் சம்மதித்தேன்.

செம்பூரில் நாங்கள் இருப்பது ஆறு மாடிக் கட்டடம். பின்பக்கப் படிக்கட்டில் மாடிக்கு ஒரு நீல டிரம் உண்டு. சமையல் கழிவெல்லாம் அதில்தான் விழும். காலையில் தாராவியிலிருந்து ஆறுமுகத்தாய் வருவாள். ஒவ்வொரு டப்பாவாகப் படி வழியே இறக்கி, கேட்டில் நிற்கும் கச்சரா வண்டியில், அதாவது குப்பை வண்டியில், கவிழ்த்துவிட்டு, கழுவி, மறுபடி மேலே ஏற்றுவாள். லிப்டு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதற்குள் சொசைட்டி செக்ரட்டரி சுரேந்திரன் தன் கையாலேயே எழுதி ஒட்டிய நோட்டீசும் இருக்கிறது: 'குப்பை டப்பாவும் குப்பை எடுப்பவரும் லிப்டை உபயோகிக்கக் கூடாது.'

அந்த டப்பாவின் கைப்பிடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைக் கைப்பிடி என்றால் கைக்கும் அவமானம், பிடிக்கும் அவமானம். ஒல்லியாக ஒரு கம்பி. அதன்மேல் பேனா மூடி தடிமனில் ஒரு பிளாஸ்டிக் குழாய். குழாய் சுற்றும், வழுக்கும், ரெண்டு வாரத்தில் பிளந்து உதிரும். பிறகு வெறும் கம்பிதான். கம்பியின் இரண்டு நுனியும் டப்பாவின் விளிம்பில் இருக்கிற காதில் கோத்திருக்கும். கனம் மொத்தமும் அந்தக் காதில். ஆறுமுகத்தாயின் உள்ளங்கையில் ஆயுள் ரேகை, தன ரேகை எல்லாம் அழிந்து குறுக்கே கம்பி ரேகை ஒன்றுதான் மிச்சம். ஜோசியன் பார்த்தால் 'அம்மா, நீங்க ஒரு வாளி' என்று பலன் சொல்லியிருப்பான்.

மழைக்காலத்தில் ஒரு காலை, இரண்டாம் மாடிப் படியில் ஒரு டப்பாவின் காது கிழிந்தது. வண்டிக்காகக் கீழே இறக்கி வைத்திருந்த மற்ற டப்பாக்களையும் சாய்த்துக்கொண்டு அது உருண்ட சத்தம் ட்ராம்பே வரை கேட்டது. கீழே கார் பார்க்கிங்கில் சுரேந்திரன் வெள்ளைச் சட்டையில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். கட்டடத்தில் யார் யார் வீட்டில் முந்தின நாள் என்ன சமையல் என்பதை அந்தச் சட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். மூன்றாம் மாடியில் மீன் குழம்பு. எங்கள் வீட்டு முருங்கைச் சக்கையும் காலருக்குப் பக்கத்தில் இருந்தது.

சாயங்காலம் அவர் என்னைக் கூப்பிட்டார். சட்டை மாறியிருந்தது, முகம் மாறவில்லை.

"ஆறுமுகத்தாய் டப்பாவைப் போட்டுப் போட்டு உடைக்கிறா, சார். எத்தனைதான் வாங்கிறது? கான்ட்ராக்டர் ஒருத்தன் சொல்லியிருக்கான். யூனிபார்ம், க்ளவுஸ், எல்லாம் பக்கா. ஜெனரல் பாடி மீட்டிங்ல வெச்சு அவளை மாத்திடலாம்."

"அவ உடைக்கல சார். பிடிதான் உடையுது."

"பிடின்னா உடையத்தான் செய்யும்."

"லோக்கல்ல உடைஞ்சு பாத்திருக்கீங்களா? எத்தனை லட்சம் பேரு தொங்குதான்."

"அரே, அது ரயில். இது கச்சரா. கச்சரா டப்பாவுக்கு எதுக்கு சார் நல்ல கைப்பிடி?"

எனக்கு ரத்தம் கொதித்தது. வீட்டுக்கு வந்ததும் மாலதி நெற்றியைத் தொட்டுப் பார்த்து அப்படியெல்லாம் இல்லை என்றாள். ஆனால் கொதித்தது.

மறுநாள் ஆறுமுகத்தாயிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கையில் துணியைச் சுற்றிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"வேற பில்டிங் பாத்துக்கலாம் அண்ணாச்சி. ஆனா உடைக்கிறவன்னு பேரு வந்துட்டுன்னா செம்பூர்ல எந்த வாச்மேனும் கேட்டத் திறக்க மாட்டான். பேரு நமக்கு முந்திப் போயி நிக்கும். அந்தப் பேரோட நான் போமாட்டேன்."

"போக வேண்டாம் தாயி. உடையாத பிடி நான் செஞ்சு தாரேன்."

"நீங்களா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வையில் மாலதியின் கை இருந்தது. ரெண்டு பேரும் சேர்ந்து டீ குடிக்கிறவர்கள்.

சுரேந்திரனிடம் போய்ச் சவால் விட்டேன். ஜெனரல் பாடி வரைக்கும் என் கைப்பிடிகள். அதுவரை ஒன்றுகூட உடையவில்லை என்றால் ஆறுமுகத்தாய் இருப்பாள். அவர் சிரித்துக்கொண்டே, "ஒண்ணு உடைஞ்சாலும் கான்ட்ராக்டர்தான்" என்றார்.

நேராகத் தாராவிக்குப் போனேன். அங்கே என் ஊர்க்காரன் நஜிமுதீன் பட்டறை வைத்திருக்கிறான். தோல் பைகளுக்கும் பெட்டிகளுக்கும் கைப்பிடி தைப்பது அவன் தொழில். உலகத்தில் எந்த ஏர்போர்ட்டில் எந்தப் பெட்டி நகர்ந்தாலும் அது தன் பிடி என்பான். என்னைவிடப் பெரிய புளுகன். எங்கள் சிநேகிதம் அந்த அஸ்திவாரத்தில்தான் நிற்கிறது.

"கச்சரா டப்பாவுக்கா?" என்றான். "எக்ஸ்போர்ட் குவாலிட்டில போட்டுருவோம் அண்ணாச்சி. மந்திரி பொண்டாட்டி கைப்பை மாதிரி இருக்கும்."

அப்படியே செய்தான். உள்ளே ஸ்பாஞ்சு, மேலே தோல், ஓரமெல்லாம் வெள்ளைத் தையல். ஆறுமுகத்தாய் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதத் தலைக்கு வெச்சுப் படுத்துறலாம் போலிருக்கே" என்றாள். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. ஸ்பாஞ்சுக்கோ தாகம் தாங்கவில்லை. மூன்றாம் மாடி மீன் தண்ணீரை அது நன்றாகக் குடித்தது. இரண்டொரு நாளில் செம்பூரின் ஒட்டுமொத்தப் பூனைகளும் ஆறுமுகத்தாயின் பின்னால் ஊர்வலமாக வந்தன. அவற்றுக்கு டப்பா வேண்டாம், கைப்பிடியே போதும். அவள் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் கையை முகர்ந்துவிட்டுத்தான் டிக்கெட் கொடுத்தாராம். இது அவள் சொன்னது, நான் சேர்த்தது இல்லை.

அடுத்தது என் முறை. பழைய சாமான் கடையில் ரயில் கைப்பிடி மாதிரியே ஒன்று கிடைத்தது. கெட்டியானது, வழுவழுப்பானது, நாற்றம் ஒட்டாதது. அதை டப்பாவில் மாட்டி, பிடித்து இழுத்து இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. ஆறுமுகத்தாய் தூக்கிக்கொண்டு படி இறங்கினாள். படிக்குப் படி டங், டங் என்று டப்பாவின் அடி இடித்தது. பிடி நீளம். டப்பா கையிலிருந்து ஒரு ஜாண் கீழே தொங்கியது. இடிக்காமல் இருக்க முழங்கையை மடக்கித் தூக்கியவள் ரெண்டாம் மாடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆயுசு முழுக்க மனுஷன் தொங்குவதற்குப் பிடி போட்டவன் நான். பொருள் தொங்குவதற்குப் போட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"ஒருத்தரு மெத்தை தச்சாரு," என்றாள் அவள், மூச்சு வாங்கியபடி. "ஒருத்தரு ரயிலையே மாட்டிட்டாரு. டப்பாவத் தூக்கதுக்கு யாரு அண்ணாச்சி செய்யப் போறா?"

ஜெனரல் பாடி நெருங்கிக்கொண்டிருந்தது. நஜிமுதீனை வரச்சொல்லி, இரண்டு பேரும் காலையில் கேட்டில் போய் நின்றோம். கச்சரா வண்டி வந்தது. ஆறுமுகத்தாய் பழையபடி மாட்டியிருந்த கம்பியை ஒரு கையால் பிடித்துத் தூக்கினாள். கவிழ்ப்பதற்கு இன்னொரு கையை டப்பாவின் அடியில் கொடுத்தாள். அடியில் பிடிக்க ஒன்றுமே இல்லை. ஈரமும் வழவழப்பும்தான். நகத்தால் பற்றிக்கொண்டு கவிழ்த்தாள். இத்தனை வருடம் நான் பால்கனியிலிருந்து இதைப் பார்த்திருக்கிறேன், மேல் பிடியை மட்டும்.

"அடியில ஒரு பிடி வேணும்வே," என்றேன்.

"அடியில பட்ட போட்டாப் போச்சு," என்றான் நஜிமுதீன். "கனத்த பெட்டின்னா நாங்க மூடியில பிடியே மாட்ட மாட்டோம். பட்ட அடியச் சுத்தி வரும். கனம் முழுக்கப் பட்டைல நிக்கும், காதுக்கு வேலையே இல்ல."

"இத மொதல்லயே சொன்னா என்னவே?"

"நீரு எங்க கேட்டீரு? ரயிலப் பத்தில்லா பேசிக்கிட்டிருந்தீரு."

"நீரு மந்திரி பொண்டாட்டியப் பத்திப் பேசிக்கிட்டிருந்தீரு."

அந்தச் சண்டை தாராவி வரைக்கும் ஓடியது, பட்டறைக்குள்ளும் ஓடியது. ஆனால் கை வேலை செய்துகொண்டே இருந்தது. குர்லா பழைய சாமான் கடையிலிருந்து கார் சீட் பெல்ட் வாங்கினோம். ஒரு காரையே நிறுத்துகிற பட்டை, எங்கள் வீட்டு முருங்கைச் சக்கையை நிறுத்தாதா? அதை டப்பாவின் அடியில் கூட்டல் குறி மாதிரிக் கொடுத்து, பக்கவாட்டில் மேலே ஏற்றி, நைலான் நூலில் தைத்தான். பின்பக்கம் அடியில் கை நுழைகிற அளவு ஒரு வளையம் விட்டான், கவிழ்க்கும்போது பிடிக்க. மேல் பிடிக்கு ஆட்டோ ரிக்‌ஷா ஹேண்டிலின் ரப்பர் உறை. மும்பை மழையிலும் வியர்வையிலும் நாளெல்லாம் ஒருத்தன் பிடிக்கிற பொருள், அதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? ரப்பர் மடங்கி விரலை நெரிக்காமல் இருக்க உள்ளே ஒரு குழாய்த் துண்டு வைத்தேன். உயரத்தை மட்டும் நான் அளக்கவில்லை. ஆறுமுகத்தாயைப் படியில் நிற்க வைத்து, டப்பா இடிக்காமல் தொங்குகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டோம்.

சோதனைக்கு டப்பாவுக்குள் நானே உட்கார்ந்தேன். நஜிமுதீன் அதைப் பட்டறை உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டான். தாராவியே திரண்டு வந்து பார்த்தது. சிலர் சூடம் காட்டியதாகவும் ஞாபகம். அந்த நேரம் பார்த்து மாலதியின் போன்.

"எங்க இருக்கீங்க?"

"டப்பாக்குள்ள. தொங்கிக்கிட்டிருக்கேன்."

"சரி. வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க."

பட்டை அறுபடவில்லை, தையல் பிரியவில்லை. எனக்குத்தான் இடுப்பு பிடித்துக்கொண்டது.

மாடிக்கு ஒன்றாக எல்லா டப்பாவுக்கும் போட்டோம். மாற்றுக்கு ஒன்று இருக்கட்டும் என்று புத்தம் புதிய டப்பா ஒன்றுக்கும் போட்டு, கீழே மீட்டர் ரூமில் வைத்தோம். ஆறுமுகத்தாய் கையில் துணி சுற்றுவதை விட்டாள். கச்சரா வண்டிக்காரன் அவள் கவிழ்க்கிற வேகத்தைப் பார்த்து, 'மௌசி, ஜிம்முக்குப் போறியா?' என்று இந்தியில் கேட்டானாம். மழை வந்தது, மீன் வந்தது, பக்கத்து வீட்டுக் கல்யாண விருந்தே வந்தது. ஒரு பிடியும் அசையவில்லை.

சுரேந்திரன் வந்து பார்ப்பார் என்று காத்திருந்தேன். அவர் லிப்டில் போகிறவர், பின்படிக்கட்டுப் பக்கம் மூக்கைக்கூடக் காட்டாதவர். அவர் வீட்டுக் குப்பையை வேலைக்கு வரும் அம்மாதான் கொண்டுவந்து போடுவாள். ஆனால் ஜெனரல் பாடிக்கு முந்தின நாள் மீட்டர் ரூமைத் திறந்து பார்த்தேன். மாற்று டப்பா அங்கே இல்லை.

மறுநாள் மொட்டை மாடியில் கூட்டம். எல்லோருக்கும் நாற்காலி. ஆறுமுகத்தாய் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். சுரேந்திரன் எழுந்தார்.

"வாச்மேன்கிட்ட விசாரிச்சேன். டப்பா மாடிக்கு ஒண்ணு, மீட்டர் ரூம்ல ஒண்ணு. மீட்டர் ரூம் டப்பாவைக் காணோம். ஏன் காணோம்? உடைஞ்சிருக்கு. உடைஞ்சதும் பழைய சாமான் கடைக்குப் போயிருக்கு. பிரம்மநாயகம் சார் போட்ட கண்டிஷன், ஒண்ணு உடைஞ்சாலும் கான்ட்ராக்டர்."

"அது உடையல," என்றாள் ஆறுமுகத்தாய்.

"அப்போ எங்கே?"

"எனக்குத் தெரியாது சார். உடைஞ்சிருந்தா நானே கொண்டாந்து உங்க முன்னால வெச்சிருப்பேன். ஒளிக்கிற பழக்கம் எனக்கு இல்ல."

"டப்பாவுக்குக் கால் முளைச்சு நடந்து போச்சா?"

யாரோ சிரித்தார்கள். ஆறுமுகத்தாய் தரையைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்தாள். நான் எழுந்து, அந்தப் பிடி ஒரு ஆளைச் சுமந்த பிடி, அந்த ஆள் நான்தான் என்று ஆரம்பித்தேன். மாலதி சட்டையைப் பிடித்து இழுத்தாள். அப்போது சுரேந்திரனின் மனைவி ஷாலினி முன்வரிசையிலிருந்து கேட்டாள்.

"எந்த டப்பா? நீல டப்பா, கறுப்புப் பிடி போட்டு, அடியில பெல்ட்டு சுத்தினதா?"

"அதேதான்," என்றேன்.

"அது எங்க பாத்ரூம்லதானே இருக்கு."

எல்லாத் தலையும் சுரேந்திரன் பக்கம் திரும்பியது.

"தண்ணி வராத அன்னிக்கு மீட்டர் ரூம்ல புதுசா இருந்துச்சு. சொசைட்டி தண்ணி டிரம்முன்னு நெனச்சுத் தூக்கிட்டு வந்தேன்," என்றாள் ஷாலினி. "இவ்வளவு நல்ல பிடி. குப்பைக்கு யாராவது இப்படிப் பிடி போடுவாங்களா?" பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "தினம் அதுலதானே குளிக்கிறீங்க. ரொப்பித் தூக்கினாலும் கை வலிக்கலேன்னு நீங்கதானே சொன்னீங்க."

சிரிப்பு ஆண்டாப் ஹில் வரைக்கும் கேட்டிருக்கும். ரெண்டாம் மாடிப் பெரியவர் ஒருவரின் பல்செட் கழன்று விழுந்ததாகவும் சொல்வேன், மாலதி மறுப்பாள். சுரேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"டீக் ஹை, சரி. ஆறுமுகத்தாயே இருக்கட்டும். எல்லாருக்கும் ஓகேதானே? டாபிக் க்ளோஸ்."

"இருங்க சார்," என்றாள் ஆறுமுகத்தாய். தண்ணீர்த் தொட்டியை விட்டு நடந்து வந்து, காலியாக இருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான் இன்னும் சரின்னு சொல்லலயே."

சுரேந்திரனுக்குப் புரியவில்லை. "என்ன சரி?"

"நான் உடைச்சேன்னு சொன்னீங்க. ஒளிச்சேன்னு சொன்னீங்க. இத்தன பேரு முன்னால சொன்னீங்க. இப்ப இத்தன பேரு முன்னாலயே அது இல்லன்னு சொல்லுங்க."

அவர் ஆகாயத்தைப் பார்த்தார். ஷாலினி அவரைப் பார்த்தாள். "உடைக்கல," என்றார். "ஒளிக்கவும் இல்ல."

"அப்பறம், ஞாயித்துக்கிழம எனக்கு லீவு வேணும். அன்னைக்கு அந்தந்த மாடிக்காரங்க அந்தந்த டப்பாவ எறக்குங்க."

"நாங்களா?"

"பிடிதான் நல்லாருக்கே. கை வலிக்காதுன்னு சாரே சொல்லியிருக்காங்க."

ஓட்டுக்கு விட்டோம். முதலில் கை தூக்கியது மாலதி. ரெண்டாவது ஷாலினி. அதற்குப் பிறகு எண்ண வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நாலாம் மாடி டப்பா என் பொறுப்பு. தூக்கினேன். பிடி அருமையான பிடி, என் பிடியாயிற்றே. ஆனால் டப்பாவுக்குள் இருந்தது இமயமலை. பிடி நன்றாக இருந்தால் கை வலிக்காதே தவிர, முழங்காலுக்கு அது தெரிய வேண்டுமே. படிக்கட்டின் மேல்படியில் நின்று கீழே எட்டிப் பார்த்தேன். மாலதி பின்னால் வந்து நின்றாள்.

"மும்பையையே தொங்கவிட்டவரு," என்றாள், "ஒரு டப்பாவோட மல்லுக்கட்டுதாரு பாரு."

நான் டப்பாவோடு முன்பக்கம் போய் லிப்டின் பட்டனை அழுத்தினேன். லிப்டு மேலேயிருந்து வந்தது. கதவு திறந்தது. உள்ளே சுரேந்திரன், காலடியில் ஆறாம் மாடி டப்பா, தலைக்கு மேலே அவர் கையெழுத்தில் அவருடைய நோட்டீசு. அவர் என்னைப் பார்த்தார். நான் நோட்டீசைப் பார்த்தேன். அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். மூன்றாம் மாடியில் கதவு திறந்தது, மீன் முள்ளோடு ஒரு டப்பா. இரண்டாம் மாடியில் பல்செட்காரர் டப்பாவோடு. கீழே போய்ச் சேரும்போது காலை நேரத்துக் கல்யாண் பாஸ்ட் லோக்கல் மாதிரி இருந்தது. ஒரே வித்தியாசம், இதில் கைப்பிடிகள் எல்லாம் காலடியில்.

திங்கட்கிழமை காலை பேப்பர் வாங்கக் கிளம்பி நாலாம் மாடியில் லிப்டுக்கு நின்றேன். கதவு திறந்தது. உள்ளே சுரேந்திரன் ஆபீஸ் பையோடு, வெள்ளைச் சட்டையில். நான் ஏறப்போனபோது பின்படிக்கட்டுப் பக்கமிருந்து ஆறுமுகத்தாய் வந்தாள். வலது கையில் எங்கள் மாடி டப்பா, நிறைந்தது, கவிழ்க்கிற வளையம் அவள் பக்கம். லிப்டு வாசலில் நின்றாள். சுரேந்திரன் ஒரு கணம் மேலே நோட்டீசைப் பார்த்தார், பிறகு சட்டையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"கீழதான போவுது?" என்று கேட்டாள்.

"ம்," என்றார்.

அவள் டப்பாவை உள்ளே வைத்து, ஏறி, பட்டனை அழுத்தினாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். சட்டையில பட்டுறப் போவுது."